நண்டு இல்லை, நான்தான்

1

இந்த ஐப்பசியோடு நான் ஞானஸ்நானம் எடுத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கொண்டாடுவதற்காக இதை எழுதவில்லை. கொண்டாடுகிற மாதிரி நான் நடந்துகொள்ளவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. பள்ளிக்கூடம் அங்கேயே இருந்துவிட்டது, நான் கிளம்பி வந்துவிட்டேன்.

எனக்கு ஊர் பேராவூரணிப் பக்கம். காவிரித் தண்ணீர் கல்லணையில் புறப்பட்டு, தஞ்சாவூரைப் பார்த்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டு, போனால் போகிறது என்று கடைசியாக எட்டிப் பார்க்கிற கடைமடை. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கும் வாய்க்காலில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பாஸ்டர் ஐயா என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார். உடம்பு முழுகிவிட்டது, மூக்கு முழுகவில்லை. "வேற வழியில்ல தம்பி, மூச்சப் புடிச்சுக்க" என்று மூக்கைக் கையால் அழுத்தினார். எழுந்தபோது முதுகெல்லாம் சேறு. பாவம் கழுவப்பட்ட மனிதன் இவன்தான் என்று சொன்னால் பார்த்தவர்கள் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில். மனைவி ஸ்டெல்லா நர்ஸ். விசா அவளுக்கு. அந்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் விரிப்புகள் மடிக்கிறேன். அவள் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பாள், நான் அவர் படுத்ததைப் புரட்டி மடிப்பேன். ஒரே மகள் பெனிட்டா, வீட்டில் பெனி. பத்து வயது. இங்கே ஆறாவது படிக்கிறாள். அதாவது நான் நின்றுபோன இடத்தில் இப்போது அவள் நிற்கிறாள்.

சபையில் எனக்கு ஸ்தேவான் என்று பெயர். பாஸ்போர்ட்டில் இன்னும் முருகானந்தம். மாற்ற ஒருமுறை தஞ்சாவூருக்கு அலைந்தேன். ஏழு காகிதம் கேட்டார்கள், ஆறுதான் கிடைத்தது. அதனால் இங்கே எந்த ஆபீஸுக்குப் போய் "நான் கிறிஸ்தவன்" என்று சொன்னாலும், எதிரில் இருப்பவர் காகிதத்தைப் பார்த்து "முரு... முரு..." என்று திணறுவார். அவரை நானும் காப்பாற்றுவதில்லை, முருகனும் காப்பாற்றுவதில்லை.

2

என்னை இங்குள்ள தமிழ் ஐக்கியத்தில் எல்லாருக்கும் தெரியும். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை ஒரு வாடகை ஹாலில் கூடுகிறோம். பாட்டு, ஜெபம், பிறகு சாட்சி நேரம். அதாவது ஆண்டவர் நம் வாழ்க்கையில் செய்ததை எழுந்து நின்று சொல்ல வேண்டும். நான் எழுந்தாலே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். "நண்டுச் சாட்சி சொல்லுங்க பிரதர்" என்பார்கள். அந்தச் சாட்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

ஊரில் எங்களுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். எங்களுக்கு மேல் வயல் வீரையன் சித்தப்பாவுடையது. கடைமடையில் தண்ணீருக்கு முறை உண்டு. காலையில் அவர் முறை, மத்தியானத்துக்கு மேல் என் முறை. என் முறை வரும்போது வாய்க்காலில் ஒரு தவளை குளிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. நான் என்ன செய்தேன் என்றால், அவர் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவிலிருந்த வரப்பில் கடப்பாரையால் ஒரு துளை போட்டேன். துளை வாயில் நண்டு தோண்டிப் போட்ட மாதிரி சேற்றை உருட்டி உருட்டி வைத்தேன். அவர் வயலில் நின்ற தண்ணீர் ராஜநடையாக என் வயலுக்கு வந்தது.

"ஏன்டா முருவா, தண்ணி நிக்கவே மாட்டேங்குதே" என்பார் சித்தப்பா.

"நண்டு சித்தப்பா, நண்டு. இந்த வருசம் நண்டு சாஸ்தி" என்பேன்.

அவர் குனிந்து துளையை அடைப்பார். மறுநாள் நான் வேறு இடத்தில் போடுவேன். இப்படியே மூன்று வருஷம். தஞ்சாவூர் ஜில்லாவில் நண்டுக்கு அவ்வளவு கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான் ஒருத்தன்தான்.

பிறகு இரட்சிக்கப்பட்டேன். எப்படி என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது. வாய்க்கால் கரையில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைச் சபையில், பிரியாணி போடுவார்கள் என்று நம்பிப் போய் உட்கார்ந்தேன். சுண்டல்தான் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு அழுதேன். எதற்கென்று தெரியாமல் அழுதேன், வீட்டுக்கு வந்தும் அழுதேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் நானாக இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து வரப்பில் முழங்கால் போடுவேன். எழுத்துக்கூட்டி மட்டுமே வாசிக்கத் தெரிந்தவன், வேதத்தை வைத்துக்கொண்டே சரளமாக வாசிக்கக் கற்றேன். உபவாசம் இருந்து, உழுதுகொண்டிருந்த பவர் டில்லரிலிருந்து மயங்கி விழுந்தேன். டில்லர் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய் ஒரு நாற்றங்காலை முடித்துவிட்டு நின்றது. ஆண்டவரை நினைத்தாலே நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு பற்றவைத்த மாதிரி இருக்கும்.

அந்தச் சூடு தாங்காமல்தான் ஒருநாள் காலையில் சித்தப்பா முன்னால் போய் நின்றேன். அவர் சேறு குழைத்து ஒரு துளையை அடைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, நண்டு இல்ல. நான்தான்."

சேற்றுக் கையோடு ஒரு அறை. இடது கன்னம். ஐந்து விரலும் சேறாகப் பதிந்தது. அதைக் கழுவாமலேயே சபைக்குப் போய் அல்லேலூயா சொன்னேன்.

இதுதான் நண்டுச் சாட்சி. ஹாலில் சொல்லும்போது அறை வாங்கின இடத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போவேன். அந்த இரண்டு அடி பிற்பாடு சேர்த்தது. கைதட்டல் வரும்.

3

இன்றைய நிலவரத்தையும் சொன்னால்தான் நியாயம்.

காலையில் போனில் ஒரு வசனம் வரும். வாசிக்காமலேயே ஊரில் இருக்கும் முப்பது பேருக்கு அனுப்பிவிடுவேன். நீங்களும் வாசிக்காமல் வேறு முப்பது பேருக்கு அனுப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு ஜெபம் முன்பெல்லாம் குழம்பு ஆறும்வரை நீளும். இப்போது "ஆண்டவரே" என்று தொடங்கும்போதே கை அப்பளத்தில் இருக்கிறது. முழங்கால் போடுவதில்லை. முழங்காலில் வலி என்று காரணம் சொல்வேன். அதே முழங்காலோடு எட்டு மணி நேரம் சலவை மெஷின் முன்னால் நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவுக்குப் பெரும்பாலும் டியூட்டி. அவள் இல்லாவிட்டால் நானும் பெனியும் போகலாம். போவதில்லை. எனக்குத் தூக்கம், பெனிக்கு ஐபேட். தெரு முனையில் ஒரு பழைய கல் கோயில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு தரம் போவோம், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும். ஒருமுறை அறுப்புப் பண்டிகைச் சாப்பாட்டுக்கும் போனோம். அதை ஆராதனைக் கணக்கில் சேர்ப்பதா, பசிக் கணக்கில் சேர்ப்பதா தெரியவில்லை.

பெனிக்குத் தமிழ் வழுக்கிக்கொண்டு போகிறது. தமிழோடு ஜெபமும் போகிறது. "அப்பா, நீ மட்டும் ஜெபம் பண்ணு, எனக்கும் சேத்து" என்பாள். சரி என்று சொல்லிவிட்டு நானும் பண்ணுவதில்லை. இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே ஜெபம், அதுவும் கிடையாது.

4

இங்கே ஆறாவது முடிந்தால் பெரிய பள்ளிக்கூடம், அதற்கு ஆறாவது படிக்கும்போதே மனுப்போட வேண்டும். எங்கள் ஊரில் நல்ல பள்ளிக்கூடம் என்று எல்லாரும் சொல்வது ஒரு சபைப் பள்ளிக்கூடம். அதில் இடம் வேண்டும் என்றால் கூடுதலாக ஒரு படிவம். எவ்வளவு அடிக்கடி கோயிலுக்கு வருகிறீர்கள் என்று கேட்டிருக்கும். குருவானவர் கையெழுத்துப் போட வேண்டும். வாரம்தோறும் என்றால் முதல் வரிசை. எப்போதாவது என்றால் வரிசையே தெரியாது.

"எப்படியாச்சும் வாங்கிட்டு வந்துருங்க" என்றாள் ஸ்டெல்லா. "நான்தான் வார்டுல கெடந்து சாவுறேன். புள்ளையாவது நல்ல ஸ்கூல்ல படிக்கட்டும்."

பெனியையும் கூட்டிக்கொண்டு போனேன். கிறிஸ்தவக் குடும்பம் என்று தெரியட்டும் என்பதற்காக அவள் தலையை நானே எண்ணெய் வைத்து வாரிவிட்டேன்.

குருவானவர் எழுபதை நெருங்கிய மனிதர். அவருக்கு மூன்று கோயில்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றில் இருப்பார், எங்கள் கோயிலுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் யாராவது ஓய்வுபெற்றவர் வந்து நடத்துவார். டீ போட்டுக் கொடுத்தார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். இந்த ஊரில் அது கேள்வியே இல்லை என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. முழங்கால் வலியிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு படிவத்தை எடுத்தார்.

"உங்களை நான் அதிகம் பார்த்த ஞாபகம் இல்லையே?"

அப்போது என் வாயில் வந்தது எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவேயில்லை. சரளமாக வந்தது. என் ஆங்கிலம் அவ்வளவு சரளமாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"ஃபாதர், நாங்கள் எல்லா வாரமும் வருகிறோம். நீங்கள் வேறு கோயிலில் இருக்கும் ஞாயிறுகளில் வருகிறோம். நீங்கள் இங்கே வரும் ஞாயிறு பார்த்து என் மனைவிக்கு டியூட்டி விழுந்துவிடுகிறது."

அவர் முகம் வாடிவிட்டது. என் மேல் சந்தேகத்தால் இல்லை. "மன்னியுங்கள், அது என் தவறுதான்" என்றார். "மூன்று கோயிலை ஒரு ஆள் பார்த்தால் இப்படித்தான். உங்களைப் போன்றவர்களை நான் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டேன்." என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, 'வாரம்தோறும்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டார். படிவத்தைத் தானே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

பெனி பிஸ்கட்டைக் கையில் வைத்திருந்தாள். கடிக்கவில்லை. பிஸ்கட் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

5

அந்த வாரம்தான் இரண்டாம் சனிக்கிழமை. ஐக்கியத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் புரிவதில்லை என்று, சாட்சியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப் பக்கத்தில் ஒருவரை நிறுத்துவார்கள். என் சாட்சிக்கு எப்போதும் பெனிதான். நான் ஒரு வரி சொன்னால் அவள் ஒரு வரி சொல்வாள். மனப்பாடம் ஆகிவிட்டதால் சில சமயம் எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். அதற்கும் சிரிப்பார்கள்.

அன்றைக்கும் தொடங்கினேன். தவளை, கடப்பாரை, சேற்று உருண்டை எல்லாம் சரியாக வந்தது. பெனியும் சொன்னாள். பவர் டில்லர் வந்தது, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசி வரிக்கு வந்தேன். குரலைத் தாழ்த்தி, கையை நெஞ்சில் வைத்து, "சித்தப்பா, நண்டு இல்ல. நான்தான்" என்றேன்.

பெனி பேசவில்லை.

மறந்துவிட்டாள் என்று நினைத்து, "சொல்லும்மா" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"கூச்சப்படுது புள்ள" என்று முன்வரிசையில் ஒரு அம்மா சொன்னார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போய்ச் சமாளித்தேன். கைதட்டினார்கள். நடிப்புக்கு ஒரு நாளும் குறை வைத்ததில்லை நான்.

காரில் வரும்போது கேட்டேன். ஸ்டெல்லா அன்று டியூட்டி. நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஏம்மா சொல்லாம நின்னுட்ட? மானம் போச்சுல்ல?"

"எனக்கு வாய்ல வரல."

"நூறு தடவ சொன்னதுதானே?"

"அப்பா, நீ ஃபாதர்கிட்ட பொய் சொன்ன."

"அது பொய் இல்லடா... படிவத்துக்காக ஒரு..."

"நாம எல்லா சண்டேயும் தூங்குறோம். நீ அவர் இல்லாதப்போ வர்றோம்னு சொன்ன. அவர் உன்கிட்ட சாரி சொன்னாரு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்படின்னா நீ ஊர்ல இருந்தப்போ மட்டும்தான் நல்லவனா இருந்தியா?"

அவளுக்குத் தமிழ் போய்விட்டது என்று மேலே எழுதினேன் அல்லவா, அதை அடித்துவிடலாம். தேவைப்பட்ட தமிழ் அவளிடம் இருக்கிறது.

6

ஞாயிற்றுக்கிழமை காலை வீரையன் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அங்கே மத்தியானம். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், வாய் பழையபடி. சம்பா நட்டாகிவிட்டது, மழை பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"சித்தப்பா, அந்த நண்டு விஷயம் ஞாபகம் இருக்கா?"

"ஏன்டா இல்லாம? ஒனக்குத்தான் அத வச்சு சீமையில கைதட்டுறாங்களாமே."

"நான் வந்து சொல்றதுக்கு முன்னாடி ஒங்களுக்குச் சந்தேகமே வரலியா?"

அவர் சிரித்த சிரிப்பில் போன் கொரகொரத்தது. "சந்தேகமா? அட லூசுப்பயலே. நண்டு வளை வளஞ்சு வளஞ்சு போவும். நீ போட்டது அம்பு மாதிரி நேரா இருந்துச்சு. நண்டு தள்ளுற உருண்ட சுண்டக்கா மாதிரி இருக்கும். நீ எலுமிச்சங்கா சைசுல உருட்டி வச்சிருந்த. எந்த ஊரு நண்டுடா அது?"

"தெரிஞ்சுமா மூணு வருசம் அடச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"என்ன பண்றது. ஒன் வயலும் காஞ்சுதான் கெடந்துச்சு."

"அப்ப எதுக்கு சித்தப்பா அடிச்சீங்க?"

"வந்து சொல்ல மூணு வருசமாடான்னுதான் அடிச்சேன்." பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "ஆமா, இப்ப எதுக்கு இதெல்லாம் கேக்குற? எவன் வரப்புல ஓட்ட போட்ட?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பாருங்கள், சிக்னலும் எனக்கு ஒரு நண்டு.

ஆதி அன்பு குளிர்ந்துபோயிற்று என்று எங்கள் சபையில் ஒரு பேச்சு உண்டு. குளிர்ந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைச் சூடாக்கப் பாட்டுக் கேட்டேன், கூட்டங்களுக்குப் போனேன், அழுது பார்த்தேன். அழுகை வந்தது, சூடு வரவில்லை. ஊரில் அந்த அடுப்பு எரிந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மட்டும் யோசித்ததில்லை. சித்தப்பா முன்னால் போய் நின்றேன். பாஸ்டர் ஐயா சொல்லிப் போகவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை, அதனால் போனேன். இந்தத் தடவை போகாமல் இருக்க முடிந்தது. ஒரு வாரம் நன்றாகத் தூங்கவும் முடிந்தது. என் வெட்கம் அங்கேதான்.

சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"என்னங்க வெளையாடுறீங்களா? என் டியூட்டி மேலயும் பழியப் போட்டுத்தான் வாங்கினீங்களா?"

"ஆமா."

"இப்ப போயி உண்மையச் சொன்னா சீட்டு போயிரும்."

"போயிரும்."

"ஒங்க சாட்சிக்கு என் புள்ள படிப்பா கெடச்சுது?" என்று கையிலிருந்த டிபன் பாக்ஸை மேடையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் சொன்னது நியாயம். பொய் சொன்னவன் நான், இடம் போவது பெனிக்கு. சித்தப்பாவிடம் சொன்னபோது கன்னம் என்னுடையதாகவாவது இருந்தது.

உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, "புள்ளையக் கேட்டீங்களா?" என்றாள்.

"அவதான் கேட்டா."

ஸ்டெல்லா டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்தாள். "தனியாப் போனா ஒளறுவீங்க. அவளையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். இன்றுவரை அவள் கோபம் முழுக்க இறங்கவில்லை.

7

மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் தயார் செய்தேன். விரிப்பு மடிக்க மடிக்கச் சொல்லிப் பார்த்தேன். அன்று மடித்ததெல்லாம் கோணல்.

குருவானவர் கதவைத் திறந்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். மூன்று வாக்கியமும் போய்விட்டது. பொய் சொன்ன அன்றைக்கு ஆறு மாதிரி ஓடிய ஆங்கிலம், கடைமடைக்கு வந்து சேரவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. நின்றுகொண்டு தமிழில் சொன்னேன்.

"ஃபாதர், நண்டு இல்ல. நான்தான்."

அவர் பெனியைப் பார்த்தார். பெனி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அந்த வரியை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நண்டா?" என்றார் அவர்.

அதனால் பெனி முதலிலிருந்து சொன்னாள். தவளை, கடப்பாரை, சேற்று உருண்டை, வீரையன் தாத்தா, எல்லாம் அவளே சொன்னாள். உருண்டை வந்த இடத்தில் அவர் சிரித்தார். அறை வந்த இடத்தில் நான் பின்னால் போகவில்லை. அவள் நிறுத்தாமல், அதே குரலில் தொடர்ந்தாள். "நாங்கள் வாரம்தோறும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறோம். அம்மாவுக்கு டியூட்டி இல்லாதபோதும் தூங்குகிறோம். இந்தத் தடவை அப்பா நண்டு ஆக்கினது உங்களைத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புதிய படிவத்தை எடுத்தார். பழையதைத் திரும்ப அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிவிடுவதாகச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உண்மையில் எத்தனை தடவை?"

"ரெண்டு" என்றேன். விரலையும் காட்டினேன்.

"அப்பா, அந்தச் சாப்பாடு?" என்றாள் பெனி மெதுவாக.

"அது வேணாம்மா. அதச் சொல்லாதே."

அவர் 'எப்போதாவது' என்ற கட்டத்தில் டிக் போட்டார். பேனா கிறீச்சிட்டது. இடத்துக்கு இனி நம்பிக்கை இல்லை. காகிதத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடச் சொன்னார். ஸ்தேவான் என்று போட வந்த கையை நிறுத்தி, முருகானந்தம் என்று, பாஸ்போர்ட்டில் இருப்பது மாதிரி, எழுத்துக்கூட்டிப் போட்டேன். வாசல்வரை வந்து இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். என்னை யாரும் அடிக்கவில்லை.

தெருவில் பனிக்காற்று மூக்கை அறுத்தது. பெனி என் கோட்டுப் பைக்குள் கை விட்டுக்கொண்டு நடந்தாள். கோயில் முனை திரும்பும்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, ஏன் கன்னத்தப் புடிச்சுக்கிட்டு வர்ற?"

கையை எடுத்துப் பார்த்தேன். இடது கன்னம். இருபத்திரண்டு வருஷத்துக்கப்புறம் அது உண்மையாகவே சுட்டது.